பதினொன்றாம் தேதி நடந்தது

ஜூன் 2, திங்கள்

பங்குச் சாமியார் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. மூன்று வருடம் பழசு. ஏதோ சிமெண்டுக் கடை விளம்பரத்துக்குப் போட்டது. தேதி சரியாக இருக்கும், கிழமை பொருந்தாது. ஒவ்வொரு பக்கத்திலும் கிழமையை அடித்துத் திருத்திவிட்டுத்தான் எழுத உட்காருகிறேன். தேதி விஷயத்தில் பிசகு இருந்தால் எனக்குக் கை ஓடாது. பத்தொன்பது வருடம் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தவள் நான்.

உள்ளே வந்து பன்னிரண்டு வருடம். அமலோற்பவம் என்ற பெயரை இங்கே யாரும் கூப்பிடுவதில்லை, ரைட்டரக்காதான். இந்தப் பெண்கள் சிறையில் இருநூற்றுச் சொச்சம் பேர். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அதிகாரிக்கு எழுதத் தெரியாது. பரோலுக்கு மனு, பல்வலிக்கு மனு, பருப்பில் புழு என்று மனு, எல்லாம் என் கைதான்.

என் மனு ஒன்றும் மேலே போயிருக்கிறது. முன்விடுதலை. ஜூலை மூன்றாம் தேதி குழு கூடுகிறது. நடத்தையில் ஒரு புள்ளி கறுப்பு இல்லை என்று ஜெயிலர் கற்பகவல்லி மேடம் சொன்னார். சும்மா இருந்தால் காலண்டரையே முறைத்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் இந்த டைரி.

முழங்கால் வலி. எங்கள் பிளாக் மாடியில். பதினாறு படி.

ஜூன் 4, புதன்

இன்று ஆண்கள் சிறையிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். திருநங்கையாம். அங்கே நான்கு மாதம் தனி செல்லில் பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள். வக்கீல் வைத்துக் கேட்டு, கோர்ட்டு உத்தரவோடு இங்கே வந்திருக்கிறது.

வாசலில் சோதனை போடவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெண் காவலர்கள் இரண்டு பேரும் நீ போ, நீ போ என்று நின்றார்கள். கடைசியில் மேடமே வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பிளாக் முழுவதும் கம்பியில் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. நானும்தான்.

பாக்கியத்தாய் எங்கள் பிளாக்குக்கு வாய். மதுரைக்காரி, எனக்கு முன்னாலிருந்தே இங்கே இருப்பவள்.

"ஏன்டி ரைட்டரு, இது ஆம்பளையா பொம்பளையாடி?"

"உத்தரவுல பொம்பளைன்னு போட்டுருக்காம்."

"குளிக்கப் போறது உத்தரவாடி? ஆளுல்ல!"

எல்லோரும் சிரித்தோம்.

பெயர் கௌசிகா. முப்பது வயது இருக்கும். கல்யாணச் சமையல் வேலை. மண்டபத்து மேனேஜர் கையைப் பிடித்து இழுத்தபோது கொதிக்கிற சாம்பாரை வீசிய வழக்கு, மூன்று வருடம். ஆண்கள் சிறையில் முடியை ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறார்கள். அதனாலேயே பார்க்க ஆம்பிளை மாதிரி இருந்தது. கடைசி செல்லைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

அது துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டே சாப்பிடுகிறது. வெயிலில்கூட எடுப்பதில்லை.

ஜூன் 7, சனி

என் செல்லில் இருப்பவள் தவமணி. தேனிப் பக்கம். இருபத்திரண்டு வயது, நகை திருடிய வழக்கில் விசாரணைக் கைதி. சரியாகத் தூங்க மாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவளே ஒருநாள் சொன்னாள். சித்தப்பன் முறையில் ஒருத்தன், அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது. அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காலையில் கணக்கெடுக்கும்போது கௌசிகா, "இருக்கேம்மா" என்று குரல் கொடுத்தது. கனமான குரல். தவமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்துவிட்டது.

"அந்தக் கொரலு கேட்டா ஒடம்பு வெறைச்சுப் போகுதுக்கா. அது ஒண்ணும் பண்ணல. எனக்குத் தெரியும். ஆனா வெறைக்குதே, நான் என்ன செய்ய?"

எங்கள் குளியல் தொட்டியைச் சுற்றி இடுப்பளவு சுவர்தான். பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு வரிசையாக ஊற்றிக்கொள்வோம். கதவு கிடையாது. வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் குளிக்க முடியாது என்று வந்த முதல் வாரமே எல்லோருக்கும் தெரிந்துபோகும். தவமணி இப்போது மூன்று நாளாகக் குளிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

கோழிக் குழம்பு. வாரத்தில் இந்த ஒரு நாள்தான் பிளாக்கில் சண்டை இருக்காது. இன்று இருந்தது.

பாக்கியத்தாய் தட்டோடு போய் கௌசிகா முன்னால் உட்கார்ந்து நேராகவே கேட்டுவிட்டாள், ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று. கௌசிகா எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"டாக்டரு பாத்தாரு. கலெக்டர் ஆபீசுல கார்டு குடுத்தாங்க. கோர்ட்டுல கேட்டாங்க, சொன்னேன். ஆண்கள் ஜெயில்ல கேக்காமலே பாத்தாங்க. நீங்களும் பாக்கணுமாக்கா?"

பாக்கியத்தாய் எழுந்து வந்துவிட்டாள். பிறகு எங்களிடம் முணுமுணுத்தாள். "நான் கேட்டது தப்பாடி? எங்களுக்கும் ஒரு எடம் வேணாமா? வீட்டுலயும் ஆம்பள, ஸ்டேஷன்லயும் ஆம்பள. இங்க வந்துதான்டி பதினாலு வருசமா கால நீட்டிப் படுக்கேன்." அதுவும் உண்மைதான். எனக்கு இரண்டு பக்கமும் உண்மையாகத் தெரிந்தால் தலை வலிக்கும். பத்திரத்தில் ஒரு பக்கம்தான் எழுத வேண்டும்.

ஜூன் 11, புதன்

மோட்டார் எரிந்துவிட்டது. தொட்டி காய்ந்து கிடக்கிறது. யாரும் குளிக்கவில்லை, சூப்பரண்ட் அம்மா வழக்கமான புதன்கிழமை ரவுண்ட்ஸுக்கு வரவில்லை, எல்லோருக்கும் எரிச்சல். பதினொரு மணிக்கு லாரித் தண்ணீர் வந்தது. ஆளுக்கு ஒரு வாளி, கீழே பிடித்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

நான் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கௌசிகா கீழேயிருந்து வந்து, ஒன்றும் பேசாமல், தன் வாளி ஒரு கையில், என் வாளி ஒரு கையில் தூக்கிக்கொண்டு போனது. ஒரு சொட்டு சிந்தவில்லை. சமையல்காரக் கை. பாக்கியத்தாய் மேலேயிருந்து, "பாருடி, ரைட்டருக்கு ஆளு கெடச்சாச்சு" என்று கத்தினாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. நன்றி சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மத்தியானம் தவமணி வந்தாள். "அக்கா, குளிக்கிற எடத்துக்கு ஒரு கதவு போடச் சொல்லி எழுதுக்கா. ஒரு ஓரமா, ஒரே ஒரு ஆளு நிக்கிற மாதிரி போதும்."

அவள் பின்னாலேயே பாக்கியத்தாயும் இன்னும் பத்துப் பேரும். அவர்களுக்குக் கதவு வேண்டாம். ஆளை மாற்ற வேண்டும்.

இங்கேதான் எழுதுகிறவளுக்குப் புத்தி வேண்டும். கதவு கேட்டால் பொதுப்பணித் துறைக்குப் போகும், எஸ்டிமேட் போடுவார்கள், இந்தப் பெண்ணுக்குப் பேரன் பிறந்தபிறகு கதவு வரும். ஆளை மாற்றக் கேட்டால் ஒரே கையெழுத்து. அதனால் ஆளை மாற்றத்தான் எழுதினேன். ஆனால் "எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று எழுதினால் எந்த மேசையும் அசையாது. மனுவில் ஒரு சம்பவம் இருக்க வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன நடந்தது. நான்கும் இருந்தால்தான் அதிகாரி கண்ணாடியைப் போடுவார். எல்லோர் மனசிலும் இருந்த பயத்தை நான் ஒரு தேதியில் உட்காரவைத்தேன், அவ்வளவுதான். சூப்பரண்ட் அம்மா ரவுண்ட்ஸ் வர வேண்டிய புதன்கிழமையாகப் போட்டால் அவர்களுக்கே உறைக்கும் என்று கணக்குப் பண்ணினேன். பதினொன்றாம் தேதி, காலை ஆறரை மணி, குளியல் தொட்டி, குளித்துக்கொண்டிருந்த இளம் கைதி ஒருத்தியிடம் தகாத முறையில் நடக்க முயன்றார்.

முப்பத்தாறு பேர் ரேகை வைத்தார்கள். படித்துக் காட்டுவதற்குள் லாக்கப் மணி அடித்துவிட்டது. கடைசி வரியை வழக்கம்போலப் போட்டேன்: படித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்பினோம்.

நல்ல மனு. கையெழுத்து முத்து முத்தாக வந்திருந்தது.

ஜூன் 14, சனி

மனு போய்விட்டது. முழங்காலுக்கு மாத்திரை கேட்டேன், ஸ்டாக் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலை பத்து மணிக்கு மேடம் பிளாக்குக்கே வந்தார். கௌசிகாவை வெளியே நிற்கவைத்து மனுவைப் படித்துக் காட்டினார். விதிப்படி அப்படித்தான் செய்ய வேண்டும். என் வரிகளை இன்னொருவர் வாயில் கேட்பது எனக்குப் பழக்கமில்லை.

"நான் என்னம்மா பண்ணேன்?" என்று அது கேட்டது. இரண்டு தடவை கேட்டது. பிறகு துணிகளை எடுத்துக்கொண்டது. கீழே சமையற்கட்டுக்குப் பின்னாலிருக்கும் தனி செல்லுக்குக் கொண்டுபோனார்கள். விசாரணை முடியும்வரை தினம் இருபத்திரண்டு மணி நேரம் பூட்டு. துப்பட்டா நழுவி விழுந்ததை எடுக்க விடவில்லை. முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது.

பாக்கியத்தாய் என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏன்டி, இந்தக் கூத்து எப்ப நடந்துச்சு? எனக்குத் தெரியாமயா?"

"நடக்காததையா எழுதுவாங்க?" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். "சரி விடு. போச்சுல்ல" என்று போய்விட்டாள்.

ஜூன் 19, வியாழன்

வெளியிலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். அதில் ஒருவர் ஆண். மனுவில் இருக்கும் இளம் கைதி யார் என்று கேட்டார்கள். எங்கள் பிளாக்கில் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவள் தவமணி ஒருத்திதான். இது எனக்கு எழுதும்போது தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். வந்து சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

"நான் இல்லன்னுதான்க்கா சொன்னேன். ரேகை வச்சிருக்கியே, அப்ப பொய்யா வச்சேன்னு கேட்டாக. பொய்க் கேசு போட்டுருவாகளோன்னு ஆமான்னுட்டேன். அப்புறம் எங்க தொட்டாக, எப்பிடித் தொட்டாகன்னு ஒண்ணொண்ணாக் கேட்டாக."

"என்ன சொன்ன?"

"எனக்கு என்ன தெரியும் சொல்ல? எங்க ஊர்ல அந்த ஆளு செஞ்சதச் சொன்னேன். எழுதிக்கிட்டாக."

நான் பிளாக்கை எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. காவலர் அம்மா, "என்ன ரைட்டர், கால் வலி போயிடுச்சா?" என்று கேட்டார்.

ஜூன் 21, சனி

டெனிஸ் பார்க்க வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரே உற்சாகம். "அம்மா, கீழ் ரூமை வெள்ளையடிச்சுட்டேன். உனக்கு மாடிப்படியே ஏற வேணாம். கட்டில் சொல்லியிருக்கேன்." அவனை விட்டுவிட்டு வரும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. மீசையைப் பார்த்து இன்னும் எனக்குப் பழகவில்லை.

குழுவுக்குப் போகிற பட்டியலில் என் பெயர் நான்காவதாக இருக்கிறதாம். மேடம் சொன்னார். சந்தோஷமாக இருக்க வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

தனி செல்லிலிருந்து எனக்குச் சொல்லியனுப்பினார்கள். கௌசிகாவுக்கு மனு எழுத வேண்டுமாம். கைதி கேட்டால் ரைட்டர் போகத்தான் வேண்டும். பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் நானும் காலை நீட்டி உட்கார்ந்தேன். மடக்க முடியவில்லை.

"இருபத்தெட்டாந் தேதி திரும்ப ஆண்கள் ஜெயிலுக்கு அனுப்பறாங்களாம். இங்கயே இருக்கணும்னு ஒரு மனு எழுதணும். நீங்கதானக்கா எல்லாருக்கும் எழுதறீங்க."

"என்னன்னு எழுத?" என்றேன். என் குரல் எனக்கே அதிகாரி குரல் போலிருந்தது.

"அங்க நாலு மாசம் எப்படி இருந்தேன்னு எழுத வேணாம். அது வெளிய வர்ற கதை இல்ல. பதினொண்ணாந் தேதி பத்தி மட்டும் எழுதுங்க. அன்னிக்கு மோட்டார் எரிஞ்சு போச்சு. தொட்டியில ஒரு சொட்டு தண்ணி இல்ல. யாருமே குளிக்கலயேக்கா."

"இதை நீ விசாரணையில சொல்லலையா?"

"சொன்னேன். முப்பத்தாறு ரேகை இருக்கு, உன் பக்கம் எத்தினி இருக்குன்னு கேட்டாங்க." கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தாள். "அன்னிக்கு உங்க வாளிய யாரு மேல கொண்டாந்து வச்சதுன்னு ஞாபகம் இருக்காக்கா?"

அவளுக்குத் தெரியும். யார் கை என்று முதல் நாளே தெரிந்திருக்கிறது. இந்த ஜெயிலில் மனு எழுதுகிற கை வேறு இல்லை.

பேனாவில் மை தீர்ந்துவிட்டது, வேறு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மை இருந்தது. இதோ அதே பேனாவில்தான் எழுதுகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

பதினொன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "தொட்டி காய்ந்து கிடக்கிறது. யாரும் குளிக்கவில்லை." என் கையெழுத்துதான். இரண்டு நாள் கழித்து அதே கை அதே தேதியில் ஒருத்தியைக் குளிக்கவைத்து, இன்னொருத்தியைத் தொடவைத்திருக்கிறது. எழுதும்போது புதன்கிழமை ஞாபகம் வந்தது, மோட்டார் ஞாபகம் வரவில்லை. தேதியில் பிசகு பிடிக்காதாம் எனக்கு!

பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். கிழிக்கவில்லை. வைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நான் எதற்காக உள்ளே இருக்கிறேன் என்று இந்த டைரியில் எழுதவில்லை. முதலாளி ஒரு உயில் எழுதச் சொன்னார். மூன்று மாதம் முந்தைய தேதி போடச் சொன்னார். போட்டேன். படுத்த படுக்கையாக இருந்த அந்தப் பெரியவரின் விரலைப் பிடித்து ரேகை வைத்தார்கள். படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டியதாகக் கடைசி வரி எழுதியது நான். ஆறாம் நாள் அவரை மருமகனும் முதலாளியும் சேர்ந்து தலையணையால் முடித்துவிட்டார்கள். கோர்ட்டில் நான் சொன்னது ஒன்றுதான். சொன்னதை எழுதினேன், வேறொன்றும் தெரியாது. பன்னிரண்டு வருடமாக டெனிஸிடமும் சாமியாரிடமும் அதையேதான் சொல்கிறேன். தேதியை முன்னால் தள்ளச் சொன்னால் எதற்கென்று பத்தொன்பது வருட அனுபவக்காரிக்குத் தெரியாதா?

அப்போதாவது சொல்வதற்கு ஒரு முதலாளி இருந்தார். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. தவமணி கேட்டது ஒரு கதவு.

ஜூன் 25, புதன்

தவமணி மூன்று நாளாகக் கஞ்சியை மட்டும் குடிக்கிறாள். பாக்கியத்தாய் ஊட்டிவிடப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

மேடத்திடம் போனேன். "மேடம், அந்த மனுவில ஒரு தேதி தப்பாயிடுச்சு" என்றேன். முழுதாகச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தேதி மட்டும் தப்புன்னா திருத்திக் குடு. சம்பவமே தப்புன்னா அது பொய் மனு. சிறைக் குற்றம். உன் நடத்தைச் சான்றுல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் அமலோற்பவம். மூணாந் தேதிக்கு இன்னும் எட்டே நாள். இப்ப என்ன சொல்ற?"

மனதுக்குள் எட்டு நாளையும் எண்ணினேன்.

"போம்மா. போய்க் காலுக்குத் தைலம் தேய்" என்றார். கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். என் பெயரை முழுதாகச் சொல்லி யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது.

ஜூன் 26, வியாழன்

நாளை நீதிபதி அம்மா மாதப் பார்வைக்கு வருகிறார். எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். நாலு தாள் வீண். வெள்ளையடித்த அந்தக் கீழ் ரூம் எப்படி இருக்கும் என்று ஜன்னல் உட்பட யோசித்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் செல் திறந்ததும் எல்லோரையும் வராந்தாவில் உட்காரச் சொன்னேன். படித்துக் காட்ட வேண்டும் என்றேன். "யாரு மனு?" என்று கேட்டார்கள். என் மனு என்றேன். படித்ததை அப்படியே இங்கே நகல் எழுதி வைக்கிறேன்.

"மதிப்பிற்குரிய நீதிபதி அம்மா அவர்களுக்கு, ஆயுள் தண்டனைக் கைதி அமலோற்பவம் எழுதிக்கொள்வது. ஜூன் 13ஆம் தேதி முப்பத்தாறு பேர் ரேகை வைத்த மனுவில் கண்ட சம்பவம் நடக்கவில்லை. அதை எழுதியது நான். யாரும் சொல்லி எழுதவில்லை. ரேகை வைத்தவர்களுக்கு நான் அதைப் படித்துக் காட்டவும் இல்லை. கைதி தவமணி விசாரணையில் சொன்னது அவளுக்கு வேறொரு காலத்தில் வேறொரு ஆளால் நேர்ந்தது. அதற்கும் கௌசிகாவுக்கும் சம்பந்தமில்லை. அவளை இனி யாரும் கேட்கக் கூடாது. இங்குள்ள பெண்கள் சிலருக்குப் பயம் இருப்பது உண்மை. அதற்குத் தவமணி கேட்டது குளியல் தொட்டி ஓரம் ஒரு கதவு. அதை நான் எழுதாமல் விட்டேன். இப்போது கேட்கிறேன்.

"ஜூன் 11, புதன்கிழமை நடந்தது பின்வருமாறு. அன்று மோட்டார் பழுது. தொட்டியில் தண்ணீர் இல்லை. பகல் பதினொரு மணிக்கு லாரி வந்தது. மாடிப்படியில் என்னால் ஏற முடியவில்லை. கௌசிகா என் வாளியையும் தூக்கிக்கொண்டு பதினாறு படி ஏறி என் செல் வாசலில் வைத்தாள். வேறு சம்பவம் எதுவும் அன்று நடக்கவில்லை."

முடித்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். எங்கள் ரேகையை வைத்துப் பொய் சொன்னாயா என்றாள் ஒருத்தி. ஆமாம் என்றேன். ஒரு டம்ளர் வந்து என் தோளில் பட்டது. தவமணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுதாள். என்னைப் பார்க்கவில்லை.

சாட்சி என்று ஒரு வரி விட்டிருந்தேன். யாரும் வர மாட்டார்கள் என்று தெரியும், பழக்கத்தில் விட்டது.

பாக்கியத்தாய் எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"அவ இங்க இருக்கறது எனக்குப் புடிக்கலடி. இன்னைக்கும் புடிக்கல. அத நான் சட்டமா நின்னு சொல்லுவேன், நீ தனியா எழுதித் தரணும். அது வேற." இங்க் பேடைத் தானே திறந்தாள். "ஆனா வாளியத் தூக்கிட்டு வந்தத நான் பாத்தேன். பாத்தத இல்லம்பேனா?"

கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். ரேகை தெளிவாக விழுந்தது. மத்தியானம் நீதிபதி அம்மா கையிலேயே கொடுத்தேன். பக்கத்தில் நின்ற மேடம் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 3, வியாழன்

குழு கூடிற்று. பட்டியலில் நான்காவது பெயர் என்னுடையது இல்லை. அடுத்து எப்போது என்று கேட்டேன், இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். டெனிஸுக்குப் போன் பண்ண ஆறு நிமிடம் கொடுத்தார்கள். கட்டில் வந்துவிட்டது என்று அவன் முதலில் சொல்லிவிட்டான். பிறகு நான் சொன்னேன். ஏனம்மா என்று கேட்டான். உயிலிலிருந்து ஆரம்பித்தேன். ஆறு நிமிடம் போதவில்லை.

ரைட்டர் வேலையையும் எடுத்துவிட்டார்கள். தவமணி தன் பாயை அடுத்த செல்லுக்கு மாற்றிக்கொண்டாள். நேற்று ஒருத்தர் டேப் கொண்டுவந்து குளியல் தொட்டி ஓரம் கதவுக்கு அளவெடுத்தார். அளந்தால் வந்துவிடும் என்று இல்லை.

கௌசிகா நான்கு நாளைக்கு முன்பே மேலே வந்துவிட்டாள். மறு உத்தரவு வரும்வரை இங்கேதான். முடி காதை எட்டிவிட்டது, துப்பட்டா போடுவதில்லை.

இன்று மறுபடியும் மோட்டார் பழுது, லாரித் தண்ணீர். அவள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றாள். தன் வாளியை நிரப்பிக்கொண்டு படியேறினாள். மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டும்போது காலை இடிக்காமல் ஒதுங்கித்தான் போனாள். ஆனால் என் வாளியைத் தொடவில்லை.

நானே தூக்கினேன். ஐந்து இடத்தில் இறக்கி வைத்தேன். பாதித் தண்ணீர் சிந்திவிட்டது.